பொன்னாடைப் போர்வை

ஜோகூர் மாநிலத்துப் பாலோ வட்டாரத்தில் எந்தத் தமிழ் நிகழ்ச்சி நடந்தாலும் சரி, தலைவர் பேசி, துணைத்தலைவர் பேசி, செயலாளர் நன்றி சொல்லி, கூட்டம் மீஹூன் சேமியாப் பொட்டலத்தைத் தேடி ஓடிய பிறகுதான் மைக் செட்காரர் என்று ஒருவர் இருப்பது யாருக்காவது ஞாபகம் வரும். "அலமாக், கனகராஜுக்கு ஒண்ணும் செய்யலையே!" என்று பதறிப்போய், மேடைக்குப் பின்னால் மிஞ்சிக் கிடக்கும் பொன்னாடை ஒன்றைக் கொண்டுவந்து, வயர் சுருட்டிக்கொண்டிருக்கும் மனிதரின் தோளில் போடுவார்கள். அந்நேரம் படம் எடுக்க ஆள் இருக்காது. போட்டவர் கடமை முடிந்த முகத்தோடு காரில் ஏறிப் போய்விடுவார். கனகராஜ் அதை ஸ்பீக்கர் பெட்டியில் கீறல் விழாமல் சுற்றி வேனில் ஏற்றுவார்.

பொன்னாடையைப் பற்றித் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் வயிற்றெரிச்சலுக்காகச் சொல்லிவிடுகிறேன். அதை உடுத்த முடியாது. முகம் துடைத்தால் கன்னம் கீறிவிடும். தண்ணீரை உறிஞ்சாது. மேசைமேல் விரித்தால் தட்டு வழுக்கும். ஒருவர் தோளில் விழுந்து ஒரு படம் எடுக்கப்பட்டதும் அதன் பிறவிப் பயன் முடிந்துவிடுகிறது. ஆனால் அது இல்லாமல் ஜோகூரில் ஒரு தமிழ்க் கூட்டத்தை முடித்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

கனகராஜின் மனைவி ஷாமளாவின் அலமாரியில் இப்படி வருஷக்கணக்கில் சேர்ந்த பொன்னாடைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. எம்.சி.ஓ. என்ற ஊரடங்குக் காலம் வந்தது. நிகழ்ச்சிகள் நின்றன. கனகராஜுக்குச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் குளிரில் பல் கிட்டும். இருந்த போர்வைகள் எதுவும் போதவில்லை. ஷாமளா பூப்போட்ட பழைய பாத்தேக் கைலிகளை ஒன்றாக இணைத்து விரித்தாள். அலமாரியிலிருந்து எட்டுப் பொன்னாடைகளை எடுத்து, வெட்டாமல் முழுசாகவே மடித்து, ஜரிகை ஓரம் குத்தாதபடி உள்ளே தள்ளி, வரிசை வரிசையாக அந்தக் கைலிமேல் வைத்துத் தைத்தாள். கடைகள் மூடிக் கிடந்ததால் வீட்டிலிருந்த நீல நூல்தான் எல்லாவற்றுக்கும். பச்சை, சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் அசிங்கமாக இருந்தது அந்தப் போர்வை. ஆனால் நல்ல கதகதப்பு.

"இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான்டி இதுங்களால எனக்கு ஒரு பிரயோஜனம்," என்றார் கனகராஜ். கடைசி வரை அதைத்தான் போர்த்திக்கொண்டார். அதற்குள்ளேதான் அவர் உயிரும் போனது. அவர் தேய்த்துக்கொள்ளும் மருந்து எண்ணெயின் வாசனை துவைத்தாலும் போகாமல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் ஷாமளாவுக்குத் தூக்கம் வராது.

அப்படிப்பட்ட போர்வையை அவள் ஏன் கொடுத்தாள் என்றால், காரணம் செல்வாதான்.

ஸ்கூடாயில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், 'தென் மண்டல ஒட்டுப்போர்வை மற்றும் துணி மரபுக் காட்சியகம்' என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய ரகுநாதன். காப்பாளர் செல்வா. முப்பது வயதுப் பையன். எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பான். கார் ஓட்டும்போதும் கழற்ற மாட்டான். பாலோவில் ஒரு கோயில் விருந்துக்கு வந்தவன், திரும்பும் வழியில் ஷாமளா வீட்டுக் கொடியில் அந்தப் போர்வை தொங்குவதைப் பார்த்து பிரேக் போட்டான்.

"ஆண்டி, இதைப் போய் வெயில்ல காயப்போடுறீங்களே!"

"துவைச்சா காயப்போடாம என்ன தம்பி செய்யிறது?"

"துவைச்சீங்களா?" என்று செல்வா நெஞ்சில் கை வைத்தான். "மரபை யாராச்சும் துவைப்பாங்களா ஆண்டி?"

ஷாமளா கொஞ்சம் பயந்துபோனாள். துவைத்தது தப்போ என்று தோன்றிவிட்டது. ரெண்டு வாரம் மட்டும் கொடுங்கள், கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்றான் செல்வா. அவள் தலையை ஆட்டவில்லை. கடைசியில் அவன் சொன்னான், "கீழ உங்க வீட்டுக்காரர் பேரை எழுதி வைப்போம் ஆண்டி. கனகராஜ்னு. எல்லாரும் படிப்பாங்க."

அதற்குத்தான் அவள் மசிந்தாள். ஊரில் உள்ள அத்தனை பேர் பெயரையும் தன் ஒலிபெருக்கியில் கூவ வைத்த மனிதர் அவர். ஒரு நிகழ்ச்சியில்கூட அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. எழுதியாவது வைக்கட்டுமே என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

ரெண்டு வாரம் போய், ரெண்டு மாசம் போய், நோன்புப் பெருநாளும் வந்துவிட்டது. செல்வாவுக்குப் போன் போட்டால் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னான். ஸ்கூடாயில் தங்கி தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மகள் லோஷினியைக் கூட்டிக்கொண்டு ஷாமளா நேரில் போனாள். மாடிப்படி ஏறினால், கதவில் பெரிய பூட்டு தொங்கியது. பக்கத்து அறையிலிருந்து செல்வா எட்டிப் பார்த்தான்.

"காட்சியகம் இன்னும் திறக்கலையே ஆண்டி."

"எத்தினி மணிக்குத் தொறப்பீங்க?"

"மணி இல்ல ஆண்டி, திறப்பு விழாவே நடக்கலை. மூணு வருஷமா அதுக்குத்தான் கூட்டம் போட்டுக்கிட்டிருக்கோம். பிரமுகர் தேதி கிடைக்க மாட்டேங்குது."

திறக்காத காட்சியகம் சும்மா இருந்துவிடவில்லை. அது வருஷம் தவறாமல் ஆண்டறிக்கை வெளியிட்டது. அண்டை மாநிலத்து மன்றம் ஒன்று அதற்குச் 'சிறந்த காட்சியகம்' விருது கொடுத்திருந்தது. பதிலுக்கு இவர்கள் அந்த மன்றத்துக்குச் 'சிறந்த மன்றம்' விருது கொடுத்தார்கள். இரண்டு முறையும் எல்லாரும் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். அந்தப் படங்கள் மட்டும் மாடிப்படியின் சுவர் முழுக்கத் தொங்கின. காட்சியகத்தில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பகுதி அந்த மாடிப்படிதான்.

லோஷினி சண்டைக்குப் போனாள். "நாங்க பொருளோட சொந்தக்காரங்க லா. ஒரு தடவை கண்ணுல காட்டுங்க."

செல்வா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். சிறப்பு அனுமதி கிடைத்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் காலுக்குப் பிளாஸ்டிக் உறை, தலைக்கு வலைத் தொப்பி, முகத்துக்கு மூடி, கைக்குக் கையுறை எல்லாம் மாட்டிவிட்டான். கீழே பல் பிடுங்க வந்தவர்கள் பார்த்திருந்தால் ஆபரேஷனுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே கும்மிருட்டு. வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடுமாம். ஏர்கோன் குளிர் எலும்பில் இறங்கியது.

"மூச்சை உள்ள இழுக்கலாம் ஆண்டி. வெளிய மட்டும் விடாதீங்க. ஈரம் ஆகாது," என்றான் செல்வா.

"இழுத்த மூச்சை எங்கடா வைக்கிறது?" என்று லோஷினி முணுமுணுத்தாள்.

அவன் டார்ச் விளக்கை ஒரு நொடி அடித்துக் காட்டினான். குளுவாங் சீனப் பெண்மணி ஒருவர் கொடுத்த குழந்தைப் போர்வை, காஹாங் மலாய்க் குடும்பம் ஒன்றின் ஒட்டுத்துணி விரிப்பு என்று வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள் தெரிந்து மறைந்தன. கடைசிப் பெட்டியில் அவளுடைய போர்வை. பக்கத்தில் அட்டை. டார்ச் அதன்மேல் நின்றது. ஷாமளா குனிந்து படித்தாள்.

'தோட்டத்து ஒட்டுப்போர்வை. தைத்தவர்: அறியப்படாதவர். பொன்னிறக் கோடுகள் ரப்பர் காட்டில் உதித்த விடியலைக் குறிக்கின்றன. நீல நூல், நம் முன்னோர் கடந்து வந்த கடலின் கண்ணீர்.'

"தம்பி, இதைத் தைச்சது நாந்தான்."

"தெரியும் ஆண்டி."

"அப்புறம் ஏன் அறியப்படாதவர்னு போட்டிருக்கு?"

"வல்லுநர் குழு அப்படி முடிவு பண்ணிட்டாங்க. இப்ப உங்களை அறிஞ்சிட்டா மறுபடியும் கூட்டம் போடணும்."

"அது விடியலும் இல்ல, கடலும் இல்ல. அது பொன்னாடை. வீட்டுல நீல நூல்தான் இருந்துச்சு. அவர் பேரு எங்க தம்பி? பேரு போடுறேன்னுதானே வாங்கிட்டு வந்தே?"

செல்வா டார்ச்சை அணைத்துவிட்டான். இருட்டில் அவன் குரல் மட்டும் வந்தது. "டத்தோகிட்ட பேசிக்குங்க ஆண்டி."

டத்தோ ரகுநாதனின் அறை நல்ல வெளிச்சமாக இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய, அவருக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள், ஊர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் அடுக்கப்பட்டிருந்தன. ஷாமளா கையுறையோடேயே கைகூப்பினாள். போர்வை எதனால் தைக்கப்பட்டது என்று அவள் சொன்னதும் டத்தோவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"பொன்னாடையைப் போயி போர்வையா தைச்சீங்களா? ஏம்மா, பொன்னாடைன்னா என்ன? ஒரு மனுஷனோட மானம்மா அது! அதுமேல ஊசி போடலாமா? எனக்கு நெஞ்சு அடைக்குது. இதை வெளிய சொல்லிடாதீங்க. தோட்டத்துத் துணின்னே இருக்கட்டும்."

"சரிங்க டத்தோ. எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அவருக்கு வருஷ திவசம். அவரு படுத்த கட்டில்ல அதை விரிச்சுப் படையல் போடணும். ரெண்டு வாரம்னுதான் கொடுத்தேன்."

டத்தோ சிரித்தார். விவரம் தெரியாத ஜனங்களிடம் பேசும்போது அவர் எப்போதும் முதலில் சிரிப்பார். "ரெண்டு வாரம் எப்போலேருந்தும்மா? காட்சியகம் திறந்த நாள்லேருந்து. திறக்காத காட்சியகத்துக்கு ஒரு பொருள் எப்படி வந்து சேரும்? நீங்க கொடுத்திருக்கலாம். ஆனா நாங்க இன்னும் வாங்கலை. விதி அப்படி."

"வாங்கலைன்னா அது எங்க வீட்டுல இல்ல இருக்கணும்?" என்றாள் லோஷினி.

டத்தோ அவள் பக்கம் திரும்பவே இல்லை. விதிகளை உருவாக்கியவர்கள் கேள்விகளை உருவாக்குகிறவர்களிடம் பேசுவதில்லை. ஆனால் அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஒரு துணை அமைச்சர் தேதி கொடுத்துவிட்டாராம். வரும் சனிக்கிழமை திறப்பு விழா.

"விழாவுக்கு வாங்க. முடிஞ்சதும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஞாயிறு படையல் ஆனதும் திங்கக்கிழமை கொண்டாந்துடணும். துவைக்கக் கூடாது. மடிக்கக் கூடாது. முக்கியமா, போர்த்தக் கூடாது."

ஷாமளா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒருநாள் என்றாலும் அவர் கட்டிலுக்கு அது வந்துவிடும். அவளுக்கு அதுதான் வேண்டும்.

சனிக்கிழமை விழா முதல்மாடி மண்டபத்தில். மைக் செட்டுக்கு ஸ்டானிஸ்லாஸ் வந்திருந்தான். கனகராஜிடம் தொழில் கற்றவன். அவர் போன பிறகு வேனையும் பெட்டிகளையும் அவன்தான் எடுத்து நடத்துகிறான். ஷாமளாவைப் பார்த்ததும் ஓடிவந்து, "வாங்க அண்ணி," என்று கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தான். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெல்வெட் திரை. அதன் பின்னால்தான் போர்வைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பிரமுகர் திரையை இழுத்துத் திறப்பார் என்பது ஏற்பாடு.

துணை அமைச்சர் வரவில்லை. தம் சிறப்பு அதிகாரியை அனுப்பியிருந்தார். சிறப்பு அதிகாரி வேறொரு திறப்பு விழாவுக்குப் போய்விட்டதால் தம் உதவியாளரை அனுப்பியிருந்தார். உதவியாளர் வந்தார், கூடவே அவருடைய மைத்துனரும் அந்த மைத்துனரின் கூட்டாளியும். விருது கொடுத்த அண்டை மாநில மன்றத்தாரும் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். மேடையில் நாற்காலி போட்டுப் போட்டு ஸ்பீக்கர் பெட்டியைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் அந்தப் பேரிடி விழுந்தது. பொன்னாடை இல்லை. பொருளாளர் நல்ல ரகமாக வேண்டுமென்று சிங்கப்பூரில் போய் வாங்கி, அந்தப் பெட்டியோடு ஜோகூர் பாலத்தில் வாகன ஜேமில் மாட்டிக்கொண்டிருந்தார். போனில் கேட்டால், முன்னால் இருக்கிற பஸ் நகரவே இல்லை என்றார். பின்பு அந்தப் போனும் அணைந்துவிட்டது. மேடையில் எட்டு ஜோடித் தோள்கள் வெறுமையாகக் காத்திருந்தன. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது பொன்னாடை போர்த்துதல். அதைத் தாண்டி ஒரு வரி நகர ஜோகூரில் எந்தக் கூட்டத்துக்கும் தைரியம் கிடையாது.

டத்தோவும் செல்வாவும் மேடை ஓரத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். செல்வா திரைக்குப் பின்னால் போனான். டத்தோ மைக்கின் முன் வந்தார்.

"நாம் யார்? நாம் நூல்!" என்று தொடங்கினார். கூட்டம் கைதட்டியது. "நம் மரபு எது? துணி! நூல் இல்லாமல் துணி உண்டா? துணி இல்லாமல் நாம் உண்டா? மற்ற காட்சியகங்கள் எல்லாம் ஏன் கெட்டுப்போயின? மக்களை உள்ளே விட்டார்கள், அதனால் கெட்டன. நாம் மூன்று ஆண்டுகளாக ஒரு குஞ்சைக்கூட உள்ளே விடவில்லை. அதனால்தான் நம் மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் தலைவனாக இருக்கும்வரை இந்தக் காட்சியகத்தில் ஒரு நூல், ஒரே ஒரு நூல்கூட அறுபட விடமாட்டேன் என்று உங்கள் முன்னிலையில் சத்தியம் செய்கிறேன்!"

திரைக்குப் பின்னால் சரக் சரக் என்று ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரை அவ்வப்போது அசைந்தது. தனக்குக் கொடுத்தனுப்பத்தான் செல்வா போர்வையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தயார் செய்கிறான் என்று ஷாமளா நினைத்தாள். பாவம், அவளுக்கு நன்றியாகக்கூட இருந்தது. மேடைப் பக்கத்தில் காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஸ்டானிஸ்லாஸ் அவளைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறான் போல என்று அவளும் சிரித்துக் கையாட்டினாள்.

டத்தோ முக்கால் மணி நேரம் பேசினார். செல்வா தட்டு நிறையப் பொன்னாடையோடு வந்து நின்றதும், பேச்சை வாக்கியத்தின் நடுவிலேயே முடித்துக்கொண்டார்.

பச்சை, சிவப்பு, ஊதா, மஞ்சள். ஒவ்வொன்றாகத் தோளில் விழுந்தன. உதவியாளருக்கு, மைத்துனருக்கு, கூட்டாளிக்கு, மன்றத்தாருக்கு. கடைசியாக டத்தோவுக்கு. கூட்டம் தட்டிக்கொண்டே இருந்தது. ஷாமளாவும் ரெண்டு தட்டு தட்டினாள். அப்புறம்தான் உதவியாளரின் காலருக்குக் கீழே ஒரு நீல நூல் முழ நீளத்துக்குத் தொங்குவதைப் பார்த்தாள். மைத்துனரின் முதுகிலும் தொங்கியது. எல்லார் மேலும் தொங்கியது.

எப்படி நடந்தாள் என்று தெரியவில்லை, ஸ்டானிஸ்லாஸ் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் கைகாட்டினேனே அண்ணி! டத்தோ சட்டையில மாட்டுன குட்டி மைக் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அவங்க பேசுனது எல்லாம் என் காதுல விழுந்துச்சு. உங்க ரூம் அலமாரியில இருக்கிறதை எடுத்துக்கலாமா டத்தோன்னு செல்வா கேட்டான். என் பொன்னாடையை இன்னொருத்தன் தோள்ல போடுவியாடான்னு டத்தோ சீறுறாரு. அப்புறம் சொல்றாரு, அந்தப் பொம்பளை போர்வை முழுக்கப் பொன்னாடைதானே, பிரின்னு."

மேடையில் அறிவிப்பாளர் பெண், "இதோ, அந்த வரலாற்றுத் தருணம்!" என்று கூவினாள். உதவியாளர் இறங்கிவந்து கயிற்றை இழுத்தார். திரை விலகியது. கண்ணாடிப் பெட்டிக்குள் சாயம் போன பாத்தேக் கைலிகள் மட்டும், ஊசித் துளைகளோடு, அம்மணமாகத் தொங்கின.

மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. டத்தோவுக்குத் தெரிந்தது. "பாருங்கள்!" என்று கையை விரித்தார். "எதுவும் இல்லை, பாருங்கள்! ஒன்றுமில்லாமல் வந்த நம் முன்னோரின் ஒன்றுமில்லாமையை இதைவிட யார் சொல்லிவிட முடியும்?" கூட்டம் எழுந்து நின்று தட்டியது. உதவியாளர் கண்ணைத் துடைக்கத் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து, அது குத்தவே மறுபடியும் போட்டுக்கொண்டார். ஐந்தாறு பேர் பெட்டிக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஷாமளா மேடைப்படி ஏறினாள். சண்டை போடத்தான் ஏறினாள். என்ன பேசுவது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் நம் மேடைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொன்னாடைப் படலம் முடிந்த பிறகு யார் மேடைக்கு வந்தாலும், அவர் இன்னும் ஒரு பொன்னாடை போர்த்த வந்தவர்தான். அறிவிப்பாளர் பெண் ஓடிவந்து பெயர் கேட்டாள். "ஷாமளா கனகராஜ்," என்றாள் இவள். "அடுத்து, பாலோ திருமதி ஷாமளா கனகராஜ் அவர்கள் நம் பிரமுகர்களைக் கௌரவிக்கிறார்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது.

எட்டுப் பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். கைகூப்பினார்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர்கள் குனிந்து நின்றதைப் பார்த்ததும் ஷாமளாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. உதவியாளரின் தோளிலிருந்த பச்சையை எடுத்தாள். அவர் இன்னும் நன்றாகக் குனிந்துகொடுத்தார். கேமரா மின்னியது. பொன்னாடையை மடித்துத் தன் கையில் போட்டுக்கொண்டு அடுத்தவரிடம் போனாள். மைத்துனர், "நன்றிம்மா," என்றார். கூட்டாளி, படம் சரியாக விழவில்லை என்று திரும்ப ஒருமுறை குனிந்தார். வருவது எது, போவது எது என்று ஒருவரும் பார்க்கவில்லை. தோளில் கை பட்டால் குனிய வேண்டும் என்பதோடு அவர்களுடைய அறிவு நின்றிருந்தது. ஒவ்வொருவருக்கும் கூட்டம் தவறாமல் கைதட்டியது.

கடைசியில் டத்தோ. அவர் மட்டும் கண்டுகொண்டார். பொன்னாடையின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா செய்யிற? போட்டதை எடுக்கக் கூடாது!" என்று பல்லைக் கடித்தார்.

"எடுத்ததைத்தானே டத்தோ போட்டீங்க."

சட்டையில் மாட்டிய குட்டி மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அதன் ஒலியை ஏற்றினான். ஷாமளாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "இது உங்களுக்குப் போட்டது இல்ல. எங்க வீட்டுக்காரருக்குப் போட்டது. அவர் பேரு கனகராஜ். உங்க கூட்டத்துக்கெல்லாம் மைக் கட்டினவரு. விடுங்க."

டத்தோ விடவில்லை. இழுத்தார். இவளும் இழுத்தாள். அப்போது படக்காரர், "டத்தோ, இங்க பாருங்க!" என்றார். அவ்வளவுதான். டத்தோ இரண்டு கையையும் விட்டுவிட்டு, கைகூப்பி, பல் தெரியச் சிரித்தார்.

ஷாமளா இறங்கி நேராகப் பெட்டியிடம் போனாள். கதவைத் திறந்து கைலிகளை உருவினாள். "ஆண்டி, கையுறை! கையுறை!" என்று செல்வா அலறிக்கொண்டு ஓடிவந்தான். அவள் வெறுங்கையால் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவனுக்கு அவளைத் தொடவும் பயம், துணியைத் தொடவும் பயம். அப்படியே நின்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாலோ வீட்டில் படையல். திரும்பத் தைக்க நேரமில்லை. பிரிந்த பொன்னாடைகளைக் கட்டிலில் கைலிமேல் அப்படியே பரப்பினாள் ஷாமளா. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மருந்து எண்ணெய் வாசனை இல்லை. எந்தப் பிரமுகரோ அடித்துக்கொண்டு வந்த செண்ட்டின் நாற்றம் அடித்தது. எட்டையும் முகர்ந்தாள். எட்டிலும் அதுதான். முந்தின நாள் மேடையில் வராத அழுகை அப்போது வந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஸ்டானிஸ்லாஸ் அன்றைய பத்திரிகையோடு வந்தான். பாதிப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். எட்டுப் பேரும் தலைகுனிந்து கைகூப்பி நிற்க, நடுவில் ஷாமளா. கீழே, 'பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறார் திருமதி ஷாமளா' என்று இருந்தது. லோஷினிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஸ்டானிஸ்லாஸ். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷாமளாவும் எட்டிப் பார்த்தாள்.

படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வா போன் செய்தான். லோஷினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆண்டி, அவசரக் கூட்டம் நடந்துச்சு. நேத்துத்தான் காட்சியகம் முறைப்படி திறந்திருக்கு. அதனால உங்க ரெண்டு வாரம் நேத்துலேருந்துதான் ஆரம்பம். பொருளை உடனே கொண்டாரணும்னு டத்தோ சொல்றாரு. விதி அப்படி ஆண்டி."

"நேத்துலேருந்துதானா ஆரம்பம்?"

"ஆமா ஆண்டி."

"அதுக்கு முன்னாடி நீங்க வாங்கவே இல்ல?"

"விதிப்படி வாங்கலை ஆண்டி."

"நேத்துக்கு அப்புறம் நான் கொடுக்கவே இல்லையே தம்பி," என்றாள் ஷாமளா. "இல்லாத பொருளை எங்கேருந்து கொண்டாறது? உங்க பெட்டியில ஒண்ணுமில்லாமை இருக்கும், அதையே காட்டுங்க. டத்தோ நல்லாதான் விளக்குறாரு."

செல்வா, இதற்கு ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும் என்றான். போடச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் போனதும் கைலியைத் தரையில் விரித்தாள். வீட்டில் கறுப்பு நூல்தான் இருந்தது. அதையே ஊசியில் கோத்துக்கொண்டு, லோஷினியைப் பச்சையை எடுத்துத் தரச் சொன்னாள்.